1416, ஆறு முறை

மே 3, வெள்ளி

இதனால் சகலருக்கும், குறிப்பாக எங்கள் வீட்டுக் கோழிகளுக்கும் பக்கத்துப் பண்ணை நாய்க்கும், அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை ஏழே முக்கால் மணிக்கு மகாராணி அவர்கள் மொட்டை என்று அதிகாரபூர்வமாக உறுதி செய்யப்பட்டது. ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கப்பட்டது. அதில் அரை நிமிடம் அப்பா கெட்ட வார்த்தையில் அனுசரித்தார்.

மகாராணி என்பது அம்மா ஓட்டும் வெள்ளை பிக்கப். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் பக்கத்துக்கு ஒரு ஜோடியாக நான்கு. அதனால் இடுப்பு பெரிது. கன்சாஸில் எந்தக் கடை வாசலிலும் ஒரு வண்டிக்கான கோட்டுக்குள் அவர் அடங்கியதில்லை. பெயர் நான் வைத்தது. இந்த வீட்டில் உருப்படியான பெயர்கள் எல்லாம் நான் வைத்தவை.

அப்பா ஒரு சென்ட் காசை டயர் பள்ளத்தில் தலைகீழாகச் செருகினார். காசில் இருக்கும் தலை பாதியாவது மறைய வேண்டும். முழுக்கத் தெரிந்தது.

"ஆறும் போச்சு."

"காசுல இருக்கிறவருக்காவது முடி இருக்குப்பா. டயருக்கு அதுகூட இல்ல."

"வாய மூடலன்னா உனக்கும் இருக்காது, கோல்பி."

பத்தொன்பதாம் தேதி கிளம்ப வேண்டும். டெக்சஸில் தொடங்கி மொன்டானா வரை, கோதுமை பழுக்கப் பழுக்க, அடுத்தவர் வயலை அறுத்துக்கொண்டே வடக்கே போவதுதான் எங்கள் பிழைப்பு. அப்பாவும் கேல் சித்தப்பாவும் பெரிய லாரிகளில் அறுவடை இயந்திரங்களை ஏற்றிக்கொண்டு முன்னால் போவார்கள். அம்மா மகாராணியில் எங்கள் வீட்டை இழுத்துக்கொண்டு கடைசியில் வருவாள். முப்பத்து நான்கு அடி வீட்டுவண்டி. செப்டம்பர் வரை ஐந்து பேருக்கும் அதுதான் கூரை. மகாராணிக்குள்ளே அம்மா, ஏழு வயது ஜூனி, பதினைந்து வயது நான். ஆக அந்த ஆறு டயரின் மேல் ஏறப்போவது ஒரு வீடு, ஓர் அம்மா, ஒரு தங்கை, இந்த நாட்டின் எதிர்காலம்.

எதிர்காலம் என்றது என்னைத்தான்.

மே 4, சனி

ஊரில் டயர் கடை ஐரிஸுடையது. ஐம்பது வயது இருக்கும். கை, என் தொடை அளவு. டயர் விஷயத்தில் அப்பாவை எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே உயிரினம்.

ஐரிஸ் காட்டியது பத்து அடுக்கு பலமுள்ள, நேராக ஓடும் பள்ளம் போட்ட ரோட்டு டயர். அப்பாவுக்குப் பிடித்தது பெரிய பெரிய பட்டன் வைத்த சேற்று டயர். வயலில் மழை பெய்தால் சிக்காதாம்.

"மெர்ல், வருஷத்துல சேறு எத்தன நாளு?"

"அஞ்சாறு நாளு."

"ரோடு எத்தன மைலு?"

அப்பா சேற்று டயரின் பட்டன் ஒன்றை நகத்தால் சுரண்டினார்.

"டெல்லா இழுத்துக்கிட்டு போறது வீட்டை. எருமையை இல்ல. சேத்து டயரு ரோட்டுல சூடாகும், ஊளையிடும், கல்லக் கவ்வும். அப்புறம் இன்னொண்ணு. நாலு புதுசு, ரெண்டு பழசுன்னு கணக்குப் போடாத. பின்னால ஜோடியில ஒண்ணு ஒசரம் ஒண்ணு குட்டைன்னா, ஒசரமா இருக்கிறவன் மொத்த பாரத்தையும் சொமப்பான். குட்டையன் ஓசியில வருவான்."

"எங்க வீட்லயும் அப்படித்தான்," என்றேன். அப்பா ஆறடி மூன்று அங்குலம். நான் ஓசி.

ஐரிஸ் சிரித்தாள். ஆறு டயரும் வர இரண்டு வாரம் ஆகும் என்றாள். அப்பா யோசிக்கிறேன் என்றார். அவர் யோசிக்கிறேன் என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

மே 8, புதன்

கேல் சித்தப்பா பொக்கிஷத்தோடு வந்தார். போன மாதம் இறந்துபோன ஒரு பண்ணைக்காரரின் சாமான்களை ஏலம் விட்டார்களாம். கொட்டகையிலேயே நின்றுபோன வண்டி ஒன்று. மகாராணி ஜாதிதான். அதன் ஆறு சக்கரங்களையும் ரிம்மோடு கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அப்பா ஆசைப்பட்ட அதே சேற்று டயர். பட்டன் ஒவ்வொன்றும் சாக்லேட் கட்டி மாதிரி. புது டயரில் ரப்பர் மீசை மயிர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூடச் சில இடங்களில் உதிரவில்லை.

"தொட்டுப் பாரு அண்ணே. மீசைகூட எடுக்காத பையனுங்க."

"கோல்பிக்கும் மீசை எடுத்ததில்ல," என்றார் அப்பா. "அதுக்காக அவன நம்பி வீட்டக் குடுக்க முடியுமா?"

இதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். என்றாவது பழி வாங்க உதவும்.

அப்பா ஐரிஸுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது: "பட்டனப் பாத்து வயசு சொல்லாத மெர்ல். பக்கச் சுவத்துல நாலு நம்பர் இருக்கும். மொதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். ஒவ்வொரு டயருக்கும் ஒரு பக்கந்தான் அடிச்சிருப்பான், அதனால எல்லாத்தையும் தேடிப் படி. ஏழு வருஷத்துக்கு மேல போயிருந்தா மரத்துல கட்டி ஊஞ்சல் ஆடு. டெல்லாவ அதுல ஏத்தாத."

மே 11, சனி

சித்தப்பா காலையிலேயே ஆறு சக்கரத்தையும் மாட்டிவிட்டார். அப்பா அறுவடை இயந்திரத்துக்கு அடியில் கிடந்தார், பெல்ட் அறுந்திருந்தது. அங்கிருந்து கை மட்டும் நீண்டு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தது.

"கோல்பி, ஆறு டயரோட நம்பரையும் படிச்சு இதுல எழுதிட்டு வா. ஆறும். உள்ள இருக்கிற ரெண்டும் சேத்து."

வரலாறு குறித்துக்கொள்ளட்டும்: கோல்பி என்ற மாவீரன் டார்ச்சை வாயில் கவ்வி, முதுகில் தவழ்ந்து, சிலந்திகளோடு போரிட்டு, ஆறு டயரையும் படித்து முடித்தான். ஆறும் 1416. அதாவது 2016ஆம் வருஷம், பதினாலாவது வாரம். மூன்று வயதுக் குழந்தைகள். ஒரே பிரசவத்தில் ஆறு.

அப்பா காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "உள் டயர் ரெண்டும்?" என்றார். "முதுகப் பாருங்க," என்று திரும்பி நின்று காட்டினேன். முதுகெல்லாம் மண். "பரவாயில்லயே," என்றார். அப்பா அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

இதர செய்திகள்: கேல் சித்தப்பாவின் சொந்த பிக்கப் ஏசி குழாய்க்குள் இரண்டு கிண்ணம் கோதுமை மாவு வைக்கப்பட்டது. மதியம் அவர் ஏசி போட்டார். ரொட்டியாகச் சுடுவதற்கு முந்தைய நிலையில் இறங்கி வந்தார். ஜூனி சிரித்துச் சிரித்து மூத்திரம் போய்விட்டாள்.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். ஜூனி அம்மாவுக்கு மகாராணியை வரைந்து கொடுத்தாள்; ஆறு சக்கரத்துக்கும் ஆறு முகம், ஐந்து சிரிக்கிறது, ஒன்றுக்கு வாய் போட மறந்துவிட்டாள்.

மே 13, திங்கள்

ஒரு சிறு திருத்தம். சனிக்கிழமைப் பதிவில் ஆறு என்று எழுதியிருக்கிறேன். துல்லியமாகச் சொன்னால் நான்கு. உள் டயர் இரண்டிலும் நம்பர் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனால் ஒரே கம்பெனி, ஒரே பட்டன், ஒரே வண்டியிலிருந்து கழற்றியது. நான்கு 1416 என்றால் மற்ற இரண்டும் வேறு என்னவாக இருக்கும்?

முதுகில் மண் எப்படி என்றால், மாவு வேலைக்காகச் சித்தப்பா வண்டிக்கு அடியில் பதுங்கியது. மண் மண்தானே.

மே 17, வெள்ளி

லாரி டயர் ஒன்று மாற்ற ஐரிஸ் வந்தாள். வேலை முடிந்ததும் மகாராணியைச் சுற்றி வந்தாள், மாடு வாங்க வந்தவள் மாதிரி. ஒரு பின்சக்கரத்தின் முன் குந்தி, பட்டனுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தினாள்.

"மெர்ல், இங்க நூலு நூலா வெடிச்சிருக்கு. நம்பர் பாத்தியா?"

அப்பா பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். பெருமையாக நீட்டினார். அதுதான் என்னவோ செய்தது. "பையன் ஆறையும் படிச்சிருக்கான்."

அவள் காகிதத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ஆறும் ஒரே வாரமா?"

"ஆமா."

"உள் டயர எப்படிப் படிச்ச?"

"படுத்துக்கிட்டு."

"அது சரி. உள்பக்கம் இருந்துச்சா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

வாய்தான் சொன்னது. நான் வெறுமனே பக்கத்தில் நின்றேன்.

"ஜாக்கி வண்டியிலதான் இருக்கு. தூக்கிப் பாத்துடவா?"

அப்பா மேற்கே பார்த்தார். மேகம் கருநீலமாக ஏறிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குள் போகவேண்டியது இன்னும் ஏராளம். "அதான் பையன் பாத்துட்டானே ஐரிஸ்," என்றார்.

அவள் போகும்போது என் தோளில் ஒரு தட்டு தட்டினாள். டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல. என்ன சத்தம் கேட்டதோ அவளுக்கு.

மே 19, ஞாயிறு. ஆல்வா, பெட்ரோல் பங்க்

கிளம்பிவிட்டோம். அப்பா லாரி, சித்தப்பா லாரி, கடைசியில் நாங்கள். நான் பின்சீட்டில்.

எங்கே நின்றாலும் டயர் தட்டுவது என் உத்தியோகம். அப்பாவிடம் பாதி அறுத்த பேஸ்பால் மட்டை இருக்கிறது. நல்ல டயர் 'டங்' என்னும். காற்று போனது 'தப்' என்னும். எல்லாம் 'டங்'. ஆனால் மட்டை காற்றைத்தான் சொல்லும். வயதைச் சொல்லாது.

வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் அப்பா, "மகாராணி எப்படி?" என்று கேட்டார். சொல்லிவிடலாம் என்றுதான் மைக்கை எடுத்தேன். சத்தியமாக. எடுத்ததும் வாயிலிருந்து வந்தது இது: "ராணிகிட்ட வயச மட்டும் கேக்காதீங்கப்பா, மரியாதையா இருக்காது." சித்தப்பா ரேடியோவில் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க அம்மாகிட்ட கேட்டுப் பாருடா, கதவத் தொறந்து இறக்கி விட்டுருவா."

அம்மாவும் சிரித்தாள். நான்தான் சிரிக்கவில்லை. இது எனக்கே புதுசு.

இன்னொரு திருத்தம். நான்கு இல்லை. இரண்டு. முன் டயர் இரண்டும்தான். பின்னால் இருக்கும் நான்கிலும் நம்பர் வெளியே தெரியவில்லை, குனிந்து தேட நேரமில்லை. மாவு காத்திருந்தது.

சீலிங், மதியம்

வெயில் தொண்ணூற்றாறு. நின்றதும் அம்மா ஜூனியைக் கூட்டிக்கொண்டு பாத்ரூம் போனாள். நான் புறங்கையால் டயர்களைத் தொட்டுப் பார்த்தேன். முன் டயர்கள் வெதுவெதுப்பு. பின்னால் இடது ஜோடி, சூடு. வலது ஜோடியில் உள் டயர்— கையை எடுத்துக்கொண்டேன். சாந்துபோல ஏதோ ஒட்டியது. மயிர்க்கோடு மயிர்க்கோடாக விரிசல், கோடையில் குளம் வற்றினாற்போல.

அப்பா தூரத்தில் லாரிச் சங்கிலியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"சரியா இருக்கா?" கத்தினார்.

கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன்.

ஏன் காட்டினேன்? அங்கே போய்ச் சொல்ல இருபது அடி. 'அப்பா நான் படிக்கல' — மூன்று சொல். நான் ஒரு நாளைக்கு மூவாயிரம் சொல் பேசுகிறவன்.

அடுத்து நிற்கும்போது சொல்வேன். க்ளின்டனில். இதோ எழுதிவிட்டேன், எழுதினால் செய்ய வேண்டும்.

மே 20, திங்கள்

க்ளின்டன் வரை போகவில்லை.

சீலிங் தாண்டி 183ஆம் ரோடு. ஆற்றை நோக்கி இறக்கம். ஜூனி முதலில் சொன்னாள், "யாரோ செருப்ப எரிக்கிறாங்க." அம்மா ஜன்னலை இறக்கி மோந்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா நிறுத்து என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்தத் தப் தப் தப். அப்புறம் துப்பாக்கி மாதிரி ஒன்று. பின்பக்கத் தகரம் பிய்ந்து என் ஜன்னல் கண்ணாடியில் அறைந்து பறந்தது.

அம்மா பிரேக்கைத் தொடவில்லை. இழுவை வண்டியில் டயர் வெடித்தால் தொடக்கூடாது, அவளுக்குத் தெரியும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, இன்னொண்ணு இருக்கு," என்று ஸ்டியரிங்கிடம் சொல்லிக்கொண்டே போனாள். ஜோடியில் இன்னொன்று இருந்தது. அது எவ்வளவு நேரம் தாங்கியது? நூறு எண்ணுவதற்குள் அதுவும் போனது. வீடு பின்னால் நாய் வாலாட்டுவது மாதிரி ஆட ஆரம்பித்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். ரேடியோவில் அப்பா, டெல்லா டெல்லா டெல்லா. அம்மா, "ஜூனி, தலையக் குனிஞ்சுக்கோ கண்ணு," என்றாள், சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

பள்ளம். புல். எல்லாம் நின்றுவிட்டது.

பாலத்துக்கு இன்னும் அரை மைல் இருந்தது. பாலத்தில் ஒதுங்கப் பள்ளம் இல்லை. ஆறுதான்.

வீடு பக்கவாட்டில் கிடந்தது, கதவு வானத்தைப் பார்த்து. உள்ளேயிருந்து பான்கேக் பாகு ஒழுகி வந்தது. அம்மாவுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது. ஜூனிக்கு முன்பல் இரண்டு போய்விட்டன, ஒன்று ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது, ஆனால் இன்னொன்று ஆடவில்லை. அவள் வாய் முழுக்க ரத்தம், அழாமல் பல்லைத் தேடிக்கொண்டிருந்தாள் சீட்டுக்கு அடியில்.

எனக்கு ஒன்றுமில்லை. ஒரு கீறல்கூட இல்லை. ஒரு கீறலாவது இருந்திருக்கலாம்.

மே 21, செவ்வாய். க்ளின்டன், ஆஸ்பத்திரி

அப்பா நேற்று ரோட்டோரமாகவே ஒரு மைல் பின்னால் நடந்து ரப்பர் துண்டுகளைப் பொறுக்கியிருக்கிறார். அம்மா அறைக்கு வெளியே, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு துண்டைத் தொடையில் வைத்து எச்சில் தொட்டுத் துடைத்தார். நம்பர் தெரிந்தது. 3109.

2009. பத்து வயது.

மறு கையில் என் காகிதம்.

"கேல்," என்றார். சத்தமில்லாமல்.

சித்தப்பா குனிந்து பார்த்தார். "இது எப்படி?"

"அததான் கேக்கிறேன். பையன் படிக்கும்போது ஆறும் 1416."

"அப்ப தப்பாப் படிச்சிருப்பான்."

"ஆறையுமா? உள்ள படுத்துப் படிச்சிருக்கான், முதுகெல்லாம் மண்ணு, நான் பாத்தேன்." அப்பா காகிதத்தை மடித்தார். "உன் வண்டிக்கும் இதே சக்கரந்தான பொருந்தும்?"

சித்தப்பாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. எனக்கு உடனே புரிந்தது.

"நல்லதக் கழட்டி என் வண்டிக்கு மாட்டிக்கிட்டு, பழச அண்ணிக்கு மாட்டினேன்னு சொல்றியா?"

"நான் சொல்லல. நீ சொல்லு."

"அண்ணே. ஜூனி அதுல போறா. ஜூனி."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை. அவர் காது மடிப்பில் இன்னும் கொஞ்சம் மாவு இருந்தது, பத்து நாள் கழிந்தும்.

"கோல்பி. டேய். விளையாட்டு இல்லாம சொல்லு. ஆறையும் நீ பாத்தியா?"

உண்மையைச் சொல்ல என்னால் முடிந்திருக்கும். முடிந்திருக்கும்.

"ஆறையும் பாத்தேன் சித்தப்பா," என்றேன்.

மே 22, புதன்

சித்தப்பா போய்விட்டார், தன் தொப்பியை லாரி ஆணியிலேயே விட்டுவிட்டு, யாரோ ஒருவர் வண்டியில் ஏறி, வீட்டுக்கு.

மே 24, வெள்ளி. வெர்னன், டெக்சஸ்

யாருடைய கோதுமையை அறுக்கிறோமோ அவரே ஆள் அனுப்பிச் சித்தப்பா லாரியை ஓட்டிவரச் செய்தார், தன் வேலையாள் வீட்டையும் திறந்துவிட்டார். அம்மா கையைத் தூளியில் கட்டிக்கொண்டு கட்டிலில் இருந்தே ஜூனிக்குச் சமைக்கக் கற்றுக்கொடுக்கிறாள். சித்தப்பா ஓட்ட வேண்டிய இயந்திரம் சும்மா நிற்கிறது. அப்பா ஒற்றை ஆளாக அறுக்கிறார். மழை வருமுன் முடியாது என்று அவருக்கே தெரியும்.

மகாராணி ட்ரெயிலரில் கிடத்தி வந்து சேர்ந்தார். வலது இடுப்பில் தகரமே இல்லை.

மதியம் ஐரிஸ் வந்தாள். கன்சாஸிலிருந்து, தன் வேனில், ஆறு டயரோடு. நேர்ப் பள்ளம் போட்ட ரோட்டு டயர். அப்பா கேட்கவில்லை, அவள் பாட்டுக்கு வந்துவிட்டாள். "அன்னிக்கு நான் ஜாக்கி போட்டிருக்கணும்," என்றாள் அப்பாவிடம். வேனிலிருந்து ஜாக்கியை எடுத்தாள்.

அவள் மாட்டி முடித்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். அதே சட்டைப் பை. புதுக் காகிதம்.

"நம்பர் படிச்சு எழுது. இந்தக் குடும்பத்துல இனிமே அது உன் வேலை. வேற யாரையும் நம்பறதா இல்ல."

ஐரிஸ் சக்கரத்தில் சாய்ந்து நின்றாள்.

நான் படுத்தேன். டார்ச். முன்னால் இரண்டு. பின்னால் வெளி டயர் இரண்டு. அடியில் தவழ்ந்து உள் டயர் இரண்டு, ஒன்றுக்கு எழுத்து கீழே திரும்பியிருந்தது, அப்பாவை வண்டியை ஓரடி நகர்த்தச் சொன்னேன். ஆறு நம்பர். எழுதிக்கொண்டு வெளியே வந்தேன். சிலந்தி ஒன்றுகூட இல்லை.

ஐரிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு நிமிஷம்," என்றாள். என்னிடம் மட்டும்.

நான்கு நிமிஷம். மாவைச் சலித்து, புனல் வைத்து, ஏசி குழாயில் ஏற்ற எனக்கு அரை மணி நேரம் ஆனது.

அப்பா கையில் காகிதத்தைக் கொடுத்தேன். கையை எடுக்க முடியவில்லை. காகிதத்தின் ஒரு முனை என்னிடம், ஒரு முனை அவரிடம்.

"அப்பா, அன்னிக்கு நான் படிக்கல. ரெண்டுதான் படிச்சேன். மீதிய நானா எழுதிட்டேன். சித்தப்பா மாத்தல. நான் படிக்கவேயில்ல."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பையிலிருந்து பழைய காகிதத்தை எடுத்தார். வேர்வையில் மடிப்பெல்லாம் நைந்திருந்தது. அதை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு அறுத்த வயலுக்குள் நடந்தார், கோதுமை அடித்தாள் காலில் குத்தக் குத்த. ரொம்ப தூரம் போய் நின்றார். என்ன பேசினார் என்று கேட்கவில்லை. பேசும்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அப்பா சர்ச்சுக்குள் தவிர வேறெங்கும் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை.

அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். நல்ல கையில் மூன்று விரலை நீட்டினாள்.

"மூணு எடத்துல நிறுத்தினேன்டா," என்றாள். "ஆல்வா, வைனோகா, சீலிங். மூணு எடத்துல."

மே 25, சனி

யாரும் என்னிடம் கோபமாகப் பேசவில்லை. உப்பு கேட்டால் உப்பு வருகிறது.

ஜூனி மட்டும், "நீ என் பல்லு ரெண்டையும் தரணும்," என்றாள். ஒன்றுதான் என் கணக்கு, மற்றது ஏற்கெனவே ஆடியது என்று வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மே 28, செவ்வாய்

நேற்று ராத்திரி பெய்த மழையில் ஒரு வயல் கோதுமை சாய்ந்து படுத்துவிட்டது. மிச்சத்தை இரண்டு இயந்திரம் ஓடினால் காப்பாற்றலாம். இன்று காலை இரண்டு ஓடின.

சித்தப்பா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அப்பா லாரி ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டு பேரும் ஏதோ பெல்ட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான் போலிருக்கிறது. எனக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டை வயலுக்குக் கொண்டுபோனேன். இயந்திர ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து சித்தப்பா சான்ட்விச்சைப் பிரித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று தூக்கிப் பார்த்தார், பழக்கதோஷம். வெறும் ஹாம்தான்.

"சித்தப்பா, நான்—"

"உங்க அப்பன் சொன்னான்." மென்றார். "ரெண்டு படிச்சியாமே?"

தலையாட்டினேன்.

"எந்த ரெண்டு?"

"முன்னாடி ரெண்டும்."

"முன்னாடி ரெண்டும்," என்றார். தண்ணீர் குடித்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷமாக நான் அவருக்கும் அவர் எனக்கும் வைத்த கண்ணிகள் எத்தனை. என் முகம் அவருக்கு மனப்பாடம். "வலது முன் டயரு கொட்டகைச் சுவரோட ஒட்டி நின்னுச்சே கோல்பி. மாட்டி முடிச்சு நான்தான அங்க நிறுத்தினேன். நீ எப்படிப் போய்ப் படிச்ச?"

தூரத்தில் அப்பாவின் இயந்திரம் வரப்போரம் திரும்பிக்கொண்டிருந்தது. புழுதிக்குள் அது மட்டும் தெரிந்தது.

ஆகவே இந்த நோட்டைப் புரட்டி, மே 11ஆம் தேதிப் பக்கத்தில் மாவீரன், டார்ச், சிலந்தி எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். மே 13இல் நான்கை அடித்தேன். மே 19இல் இரண்டை அடித்தேன். சித்தப்பாவிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

ஒன்று. டிரைவர் பக்கத்து முன் டயர். அதையும் நின்றபடிதான் படித்தேன். மாவுப் பை கையில் இருந்ததால் குனியவில்லை.